டவுன்ஹால் பக்கம் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர்: உருப்படியாக என்ன செய்யலாம்?

நொய்யல்கரை (சனி, மாலை)

கோவை ஒப்பணக்காரத் தெருவுக்குத் துணி எடுக்கப் போகிறவர்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். நடைபாதை ஓரம் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. எண்பதை ஒட்டிய வயது. முன்னால் ஒரு பழைய ஆர்மோனியம், பக்கத்தில் சின்ன பேட்டரி ஸ்பீக்கர். முருகன் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும் மாறி மாறி வரும். மூச்சு போதாத இடத்தில் பாடுவதை நிறுத்திவிட்டு மிச்ச அடியை ஆர்மோனியப் பெட்டியிலேயே முடித்துவிடுவார்.

நேற்று கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேட்டேன். துருத்தி மடிப்பில் இரண்டு இடத்தில் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை அமுக்கினால் சத்தமே இல்லை, காற்று மட்டும் புஸ்ஸென்று போகிறது. அந்தக் கட்டை தேவைப்படாதபடி சுருதியை மாற்றி வைத்துக்கொண்டு வாசிக்கிறார் மனிதர். ஒரு பாட்டில் அது தவிர்க்க முடியாமல் வந்தபோது, அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் வாயால் பாடிவிட்டு அடுத்ததை விரலில் பிடித்தார். சுற்றி நின்றவர்கள் யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

இவருக்கு ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா? தட்டில் இருபது ரூபாய் போடுவதைச் சொல்லவில்லை.

பீளமேடு_ராக்கெட்

ரொம்ப ஈஸி. நல்ல வெளிச்சத்தில் ஒரு ரீல்ஸ் எடுத்து, கீழே அவருடைய ஜிபே நம்பரைப் போட்டால் ஒரே வாரத்தில் வேலை முடிந்தது. எடிட்டிங் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிங்காநல்லூர்க்காரன்

இவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் அப்பாவோடு ஒரே மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமில் வேலை பார்த்தவர். மில் பெயர் வேண்டாம், தொண்ணூறுகளில் மூடிவிட்டார்கள்.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, கோவையில் மில்கள் பெருகின என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மில்லோடு சேர்ந்து பெருகிய பஜனைக் கோஷ்டிகளைப் பற்றி எழுத ஆள் இல்லை. சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், பீளமேடு என்று மில் தொழிலாளிகள் குடியிருந்த பக்கமெல்லாம் கோஷ்டிகள் உண்டு. ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், நாலைந்து ஜால்ரா, அவ்வளவுதான் செட்டு. மார்கழியில் முழு நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் தூங்கப் போகாமல் நேராக பஜனையில் சேர்ந்துகொள்வார்கள். தலைமுடியில் பஞ்சு அப்படியே ஒட்டியிருக்கும். எங்கள் பகுதிக்கு இவர்தான் பெட்டிக்காரர்.

முறையாக யாரிடமும் கற்றவர் இல்லை. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த ஒருவர் வயதான காலத்தில் எங்கள் லைன் வீட்டில் வந்து தங்கியிருந்தாராம். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தே இவர் விரல் பழகியதாக அப்பா சொல்வார். கிட்டப்பா காலத்து நாடக மேடையில் மைக் ஏது? ஐந்து கட்டை சுருதியில் உச்சமாக எடுத்துப் பாடினால்தான் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் நேரத்தில் பாட்டு தொய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது பெட்டிக்காரர் வேலை. மிச்ச அடியைப் பெட்டியில் முடிக்கிறார் என்று நொய்யல்கரை எழுதியிருக்கிறாரே, அதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்தது.

இன்னொன்று. வீட்டில் சோறு இல்லாமல் அவர் தெருவுக்கு வரவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். ஆனால் மில்காரர்களுக்கு வரும் பி.எஃப். பென்ஷன் என்னவென்று உங்களுக்கே தெரியும், 2014ல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். மருந்துக்கும் டீக்கும் மகனிடம் கை நீட்டப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம்.

ராஜவீதி_ஜவுளி

நான் அங்கே கடை வைத்திருப்பவன். எல்லோரும் உருகுகிறீர்கள், நான் உள்ளதைச் சொல்கிறேன். அந்த ஸ்பீக்கர் காலையிலிருந்து இரைகிறது. ஒரு புடவையின் விலையை வாடிக்கையாளருக்கு மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று கூட்டம் வரும்போது நடைபாதையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள், பின்னாலேயே டூவீலர் வந்து இடிக்கிறது. கலையெல்லாம் சரிங்க. ஆனா தட்டு வைத்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் என்னங்க?

வக்கீல்_பவானி

ஜவுளிக்காரர் கேட்கும் கேள்வியைச் சட்டமும் ரொம்ப நாளாகக் கேட்கிறது. 1959ம் வருடத்து பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டத்தில், பாட்டு, நடனம், ஜோசியம், வித்தை காட்டுதல் என்று எந்தச் சாக்கில் பொது இடத்தில் காசு வாங்கினாலும் பிச்சைதான் என்று விளக்கமே இருக்கிறது. டெல்லியில் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை 2018ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நமக்கு 1945ம் வருடத்துச் சட்டம் தனியாக உண்டு. ரயிலில் என்றால் 1989 ரயில்வே சட்டம் 144வது பிரிவு, அனுமதியில்லாமல் விற்பதையும் பிச்சையையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. ஈரோடு பாசஞ்சரில் பாடிக்கொண்டு வருகிறவர்களை ஸ்டேஷனில் இறக்கிவிடுவது இதை வைத்துத்தான்.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் பொருள் விற்பவரோடு சேவை தருபவரும் வருகிறார். பாட்டு ஒரு சேவையா என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் எண்பது வயது மனிதரை வைத்து அந்த வழக்கை நடத்த நான் தயாரில்லை.

கொடுமுடி_அம்மணி

தட்டு வைத்தால் பெயர் என்ன என்று கேட்ட அண்ணனுக்கு எங்கள் ஊர்க் கதை. கொடுமுடியில் 1908ல் பிறந்த ஒரு பெண் பிள்ளை, வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்தது. அதே ரயிலில் வந்த நடேச ஐயர் என்பவர் குரலைக் கேட்டு நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அந்தப் பிள்ளை 1935ல் ஒரே ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியது. கே.பி.சுந்தராம்பாள் என்று சொன்னால் உங்கள் கடைக் கல்லாவில் இருப்பவருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த ரயில் பெட்டியில் சட்டம் பேசும் டிக்கெட் பரிசோதகர் யாராவது ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ராஜவீதி_ஜவுளி

அம்மணி, ரயிலில் பாடிய எல்லோரும் சுந்தராம்பாள் ஆகிவிடவில்லை. எனக்கு ஸ்பீக்கர்தான் பிரச்சினை, பெரியவர் இல்லை.

சுருதி_சுத்தம்

ஒரு சின்ன குறுக்கீடு. ஆர்மோனியம் நம் சங்கீதத்துக்கு ஒத்துவராத வாத்தியம் என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். கமகம் வராது. ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிப் போக வழி கிடையாது. 1940லிருந்து 1971 வரை ஆல் இந்தியா ரேடியோ அதை வாசலுக்கு வெளியே வைத்திருந்தது சும்மா இல்லை. பெரியவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதைப் பெரிய கலை என்று தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

ஈரோடு_ரீடு

சுருதி_சுத்தம் ஐயா சொன்னது கமகத்தைப் பொறுத்தவரை சரி. ரேடியோ தடையும் உண்மை. ஆனால் அந்த முப்பது வருடமும் நாடகம், பஜனை, கூத்து, பள்ளிக்கூடப் பிரார்த்தனை எல்லாம் இந்தப் பெட்டியை வைத்துத்தான் நடந்தது. ரேடியோக்காரர்கள் ஒதுக்கியதற்காகக் கூத்துக்காரர்கள் யாரும் பெட்டியைப் பரணில் தூக்கிப் போடவில்லை.

எனக்கு ஆர்மோனியம் சர்வீஸ்தான் தொழில். நொய்யல்கரை எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பேசாத கட்டை. பாதிப் பெட்டிகளில் ரீடு செத்திருக்காது. பித்தளைத் தகட்டில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், காற்று பட்டால் அது அதிர்ந்து சத்தம் வரும். நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தூசி நுழைந்தால் போதும், மூச்சு விடாது. மெல்லிய காகிதத்தை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தால் பல நேரம் சரியாகிவிடும். அப்படியும் வரவில்லை என்றால் நாக்கில் விரிசல், ரீடை மாற்ற வேண்டும். குஜராத் பாலிதானாவில் செய்யும் ரீடுதான் நல்ல பெட்டிகளில் இருக்கும். மாற்றினால் மட்டும் ஆகாது, பக்கத்து ரீடுகளோடு சுருதி சேர்க்க வேண்டும். நாக்கின் நுனியில் லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஒரு இழை அதிகம் சுரண்டிவிட்டால் மறுபடியும் மற்ற முனைக்குப் போக வேண்டும்.

பிளாஸ்திரி விஷயம் எனக்கு மனசே ஆறவில்லை. வெயிலில் அந்தப் பசை இளகும், மண் ஒட்டும், மடிப்பு மடங்காது. காற்று ஒழுகும் துருத்தியை இழுத்து இழுத்து வாசித்தால் இடது தோள்பட்டை போய்விடும். ஸ்பீக்கர் ஏன் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? பெட்டியில் சத்தம் எழும்பவில்லை, அதனால்தான். கட்டைக்கு இரண்டு ரீடு உள்ள டபுள் ரீடுப் பெட்டி நல்ல நிலைமையில் இருந்தால் தெருவில் இருபது முப்பது பேருக்கு மைக் இல்லாமலே கேட்கும்.

என் மகளைக் கணபதியில் கட்டிக் கொடுத்திருக்கிறேன், இந்த ஞாயிறு அங்கே வருகிறேன். பெட்டியை ஒரு மணி நேரம் என் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கூலி வேண்டாம். ரீடு மாற்ற வேண்டி வந்தால் அதன் விலை மட்டும்.

பொள்ளாச்சி_சந்தை

ரீல்ஸ் யோசனைக்கு என் ஓட்டு கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் கண் தெரியாத ஒருவர் பாடுவார், நல்ல கனத்த குரல். யாரோ வீடியோ போட்டார்கள். கொஞ்ச நாள் கூட்டமான கூட்டம். வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வீடியோவில் பாடிய அதே பாட்டு வேண்டும், அதுவும் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாட வேண்டும். அவருக்கோ நூறு பாட்டு தெரியும். கூட்டம் கூடுகிறது என்று சொல்லி இடத்தையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வீடியோ போட்ட தம்பி அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

பீளமேடு_ராக்கெட்

எல்லாரும் அப்படி இல்லைங்கண்ணா. சரி, அவரிடம் கேட்காமல் எதுவும் போடமாட்டேன்.

மனு_எழுதுபவன்

அரசு உதவி பற்றி யாரும் சொல்லவில்லையே. இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. மனு கொடுக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும், கலைஞர் என்பதற்கு ஆதாரம் வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007லிருந்து இருக்கிறது. சாதாரண முதியோர் உதவித்தொகை 2023லிருந்து 1,200 ரூபாய்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? பாரத்தில் "கலையின் வகை" என்று கேட்டால் இவர் என்ன எழுதுவார்? பம்பை, உறுமி, உடுக்கை என்றால் நாட்டுப்புறக் கலை என்று யோசிக்காமல் எழுதிவிடலாம். வாய்ப்பாட்டு, வயலின் என்றால் கர்நாடக இசை. மில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவருக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? என் கையால் இப்படி நிறைய மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், சான்றுதான் எப்போதும் இடிக்கும். கோயில் கமிட்டி நோட்டீஸ், பழைய போட்டோ, எதில் அவர் பெயர் அச்சாகியிருந்தாலும் எடுத்து வையுங்கள். மலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியில் யாராவது ஆசிரியர் கேட்டுவிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் பலம்.

சிங்காநல்லூர்க்காரன்

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மார்கழி பஜனை நோட்டீஸ்கள் இருந்தன. அம்மாவிடம் கேட்டுத் தேடிப் பார்க்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் "ஆர்மோனியம்" என்றே போட்டிருக்கும்.

காங்கேயம்_காளை

வீடியோ வேண்டாம் என்பவர்களும் பதிவு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 1965ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் எங்கள் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடியவர்களை இரவிரவாக டேப்பில் பிடித்தார். இன்றைக்கு அந்தக் கதையை முழு நீளத்துக்குக் கேட்க நினைப்பவனுக்கு அந்த டேப் எவ்வளவு பெரிய விஷயம்! பொன்னருக்கும் சங்கருக்கும் படுகளச் சடங்கும் நோம்பித் திருவிழாவும் இருப்பதால் பாட்டு இன்னும் ஓடுகிறது. மில் பஜனைக்கு அப்படி என்ன இருக்கிறது? மில்லே இல்லை. லைன் வீடு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறது. சினிமாப் பாட்டை விடுங்கள், அது எங்கேயும் கிடைக்கும். கோஷ்டிக்காரர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டு அவருக்குத் தெரிந்தால் அதைப் பிடித்து வையுங்கள்.

ஆர்_எஸ்_புரம்_வாக்கர்

இவரை ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்கு மாற்றினால் என்ன? ஸ்மார்ட் சிட்டியில் அழகாகச் செய்திருக்கிறார்கள், உட்கார இடம், மரநிழல் எல்லாம் உண்டு. கடைக்காரர் தொல்லையும் இருக்காது.

சிங்காநல்லூர்க்காரன்

அங்கே நடப்பவர்கள் எல்லோர் காதிலும் இயர்போன் என்று ஒரு பஞ்சு அடைத்திருக்கிறதே, யார் கேட்பார்கள்? அவர் இடத்தை அவரே கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார். அமாவாசை என்றால் பேரூர், நொய்யலில் திதி கொடுக்க வருகிறவர்கள் மனசு இளகி நிற்பார்கள். கிருத்திகை, தைப்பூசம் என்றால் மருதமலை அடிவாரம். மற்ற நாளில் டவுன்ஹால். நாமாக இடம் மாற்றி வைக்க அவர் என்ன சிலையா?

நொய்யல்கரை (புதன், இரவு)

இன்று போய்ப் பேசினேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாசிப்பதை நிறுத்தாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடியோவுக்கு, "எடுக்கறவங்க தெனமும் எடுக்கறாங்க கண்ணு, கேக்கறவங்கதான் கொறவு" என்றார். மனுவுக்கு, "குடுத்தா வாங்கிக்கறேன், ஆபீஸ் ஆபீஸா ஏற முட்டி ஒத்துக்காது" என்றார். ரேஸ்கோர்ஸ் என்றதும் சிரித்தார். பதிவு என்றதும்தான் கை நின்றது. மில்லில் போனஸ் கேட்டு ஸ்டிரைக் நடந்த வருடம், காவடிச் சிந்து மெட்டில் கோஷ்டியே கட்டிய ஒரு பாட்டு இருக்கிறதாம். முருகனிடம் போனஸ் கேட்கிற பாட்டு. நாலு வரி பாடிக் காட்டினார், நடுவில் அந்தப் பேசாத கட்டை, ரிஷப ஸ்வரம், குறுக்கே வந்தது. பெட்டியை மூடிவிட்டு, "மொதல்ல இந்த ரிசபத்தைப் பேச வை கண்ணு. மத்ததெல்லாம் அப்பறம்" என்றார்.

ஞாயிறு காலை ஈரோட்டுக்காரரைப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். பெட்டியை யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டாராம், கூடவே வருவாராம்.

ஈரோடு_ரீடு (ஞாயிறு, இரவு)

வேலை முடிந்தது. பழைய கல்கத்தாப் பெட்டி, தேக்கு, நல்ல ரீடு. திறந்தால் உள்ளே அரைப்பிடி பஞ்சும் தூசியும். அந்த ரிஷபத்தில் சிக்கியிருந்தது என்ன தெரியுமா? ஜரிகை! ஒரு நகக்கண் நீளத்துக்குப் புடவை ஜரிகை இழை, நாக்குக்கு அடியில் சுருண்டு கிடந்தது. ஜவுளித் தெருவில் உட்கார்ந்ததற்குப் பெட்டி வாங்கிய சம்பளம். ஊசியால் எடுத்ததும் பேசிவிட்டது. கீழ் ஸ்தாயியில் ஒரு ரீடு மட்டும் விரிசல், கையில் இருந்த பழைய ரீடைப் போட்டுச் சுருதி சேர்த்தேன். சேர்க்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு "இன்னொரு மயிரிழை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெஷின் வைத்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

துருத்திக்குத் தோல் ஒட்டியிருக்கிறேன். இரண்டு நாள் காய வேண்டும், அதுவரை வாசிக்க வேண்டாம் என்று சொன்னேன். கேட்பாரா என்பது சந்தேகம்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவந்து அடிக்கும்போது மரம் ஊறிக் கட்டைகள் இறுகும். அப்போது மட்டும் வீட்டுக்குப் போனதும் பெட்டியை அடுப்படிப் பக்கம், நெருப்புக்குக் கொஞ்சம் எட்டவே வைக்கச் சொல்லுங்கள்.

ராஜவீதி_ஜவுளி

ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்கிறார் என்றால் எங்கள் கடைத் தெற்குச் சுவர் ஓரம் உட்காரட்டும், மூன்று மணிக்கு மேல் அங்கே நிழல் விழும். படிக்கு மேலே வேண்டாம், படி வாடிக்கையாளருக்கு. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள், அப்போது என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

சிங்காநல்லூர்க்காரன்

நோட்டீஸ் மூன்று கிடைத்தது. ஒன்றில் பெயரை எழுத்துப்பிழையோடு அச்சடித்திருக்கிறார்கள். மனு_எழுதுபவன், அது செல்லுமா?

மனு_எழுதுபவன்

மற்ற இரண்டையும் மேலே வைத்து, அதைக் கடைசியில் வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு வியாழக்கிழமை வாருங்கள்.

கொடுமுடி_அம்மணி

ஈரோட்டு அண்ணா, எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வாசித்த பெட்டி ஒன்று அட்டாலிப் பரணில் கிடக்கிறது. எலி கடித்திருக்கிறது. உயிர் இருக்குமா?

ஈரோடு_ரீடு

ரீடில் பச்சை பூத்திருந்தாலும் பார்த்துவிடலாம் அம்மணி, துருத்தி புதிதாகவே போட வேண்டியிருக்கும். கார்த்திகைக்குள் கொண்டு வாருங்கள். மார்கழி பஜனைக்கு எல்லா ஊர்க்காரர்களும் ஒரே வாரத்தில் தூக்கிக்கொண்டு வருவார்கள், அப்போது தொட முடியாது.